கரண்டி மாறிய விருந்து

ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு குடும்பத்தைச் சந்தியில் நிறுத்த முடியுமா என்று எங்கள் தெருவில் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கடைசி வீட்டைக் கை காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த வீட்டுக்காரருக்குப் பெயரே சரிங்க. போனில் யார் என்ன கேட்டாலும் முதலில் "சரிங்க" வந்துவிடும். என்ன கேட்டார்கள் என்பதை அதற்கப்புறம்தான் யோசிப்பார். ஒரு தடவை தப்பு நம்பருக்குக் கூப்பிட்ட யாரோ ஒருத்தரிடம் "சரிங்க" சொல்லிவிட்டு, அவர் வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்கக் கிளம்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய்யாக இருக்கலாம். மீதிப் பாதியே நமக்குப் போதும்.

அவர் மனைவிக்கு மூடியக்கா என்று பெயர். அடுப்பில் சட்டி இருக்கும்போது யாராவது மூடியில் கை வைத்தால், "மூடியத் தொறக்காத!" என்று அவள் போடுகிற சத்தத்தில் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நிற்கும். சோறு தன் ஆவியில் தானே வேக வேண்டும், இடையில் எவன் மூக்கும் உள்ளே போகக்கூடாது என்பது அவள் சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கணவரின் அண்ணனுடைய சமையல் கொட்டகையில்தான் கரண்டி பிடித்தாள். அந்த அண்ணனைத் தேக்சாக்காரர் என்பார்கள். ஓர் ஆட்டை உள்ளே நிறுத்தினாலும் தலை வெளியே தெரியாத அளவு பெரிய சமையல் பாத்திரங்கள், தேக்சாக்கள், அவரிடம் இருந்தன. ஊரில் எந்த விசேஷமானாலும் அவர் தேக்சாதான் ஏறும். சாப்பிட்டு எழுந்தவர்கள் ஏப்பத்தோடு வந்து பாராட்டினால், "எல்லாம் நம்ம கைதான்" என்பார். அந்த 'நம்ம'வில் யார் கை எவ்வளவு என்று அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. ஆனால் கேட்கவில்லை என்பதால் நினைக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அப்படி இருக்கும்போதுதான் புது மண்டபத்து மேனேஜரம்மா வந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய மண்டபம், பின்னால் தகரக் கூரையோடு விசாலமான அடுப்படி. அடுப்படியை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு விசேஷத்தில் மூடியக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, யார் கை என்று விசாரித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"கப்பல் கம்பெனி பெரிய அதிகாரி ரிட்டயர் ஆகறார். அதுக்கு விருந்து. எல்லா ஊர்க்காரங்களும் வருவாங்க. பாதிப் பேருக்கு ஹலால்தான் வேணும். மீதிப் பேருக்கு என்னென்ன வேணும்னு எனக்கே தெரியாது. எல்லாம் பஃபே. இதை ஒழுங்கா செஞ்சு காட்டுங்க, அடுப்படி உங்களுக்கு. சொதப்பினா நான் வேற ஆளைப் பாத்துப்பேன். மனசுல எதுவும் வச்சுக்கக் கூடாது."

மூடியக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "சரிங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தைக்காக அவள் கணவரைத் திட்டவில்லை.

தேக்சாக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். சிரித்தார். "போயிட்டு வாம்மா. சின்னஞ்சிறுசுங்க ஆசைப்படுறீங்க. பாத்திரம் கழுவுற இடத்த உனக்காகக் காலியாவே வச்சிருக்கேன்."

"சின்னஞ்சிறுசு யாரு மச்சான்? எனக்கு முட்டி வலியே வந்தாச்சு" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பாத்திரம் கழுவுகிற இடமே கண்ணில் நின்றது. நேரம் கெட்டுப்போனால் அங்கேதான் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். மச்சான் ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டார். தினமும் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை.

"யாரு போன்ல?"

"கப்பல் கம்பெனியில ஒருத்தர். அவருக்குக் கறி ஆகாதாம்."

"சரி, அதுக்குத்தான் காய்கறி இருக்கே."

"நேத்து ஒரு அம்மா பேசினாங்க. முட்டை வாசனையே ஆகாதாம்."

"நேத்து பேசினத இன்னிக்குச் சொல்றீங்க?"

"ஒருத்தருக்கு நிலக்கடலை பட்டாலே மூஞ்சி வீங்கிருமாம்."

"யா அல்லா! நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கன்னேன்."

"வீங்கட்டும்னா?"

"இல்ல, போட மாட்டோம்னு. அப்புறம் ஒருத்தர் வெங்காயம் பூண்டு ரெண்டும் தொட மாட்டாராம்."

"அதுக்கும் சரிங்க."

"மரியாதையாப் பேசினார். எப்படி இல்லேன்னு சொல்றது?"

மூடியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் போனைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

"கக்கிருங்க."

"ஒண்ணுமில்ல. பெரிய அதிகாரியோட மருமகன். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு மேசை கேட்டார். பாட்டில் வைக்க."

"என்ன பாட்டில்?"

"குடிக்கிற பாட்டில்."

"குடிக்காத பாட்டில்னு ஒண்ணு இருக்கா? நேராச் சொல்லுங்க, சாராயமா?"

"வெளிநாட்டுது" என்றார், அது ஏதோ சலுகை மாதிரி.

தெருவில் அன்றைக்குக் கேட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அடுத்த வீட்டுத் தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இந்தக் கதையில் பாதிக்கு மேல் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். மூடியக்காவுக்கு ஒத்தாசையாக விருந்துக்கும் போனவள் என்பதால் அவள் சொல்வதில் உண்மையும் கொஞ்சம் உண்டு.

மூடியக்காவே மருமகனுக்குப் போன் போட்டாள். "தம்பி, உங்க பழக்கம் உங்களோட. அதுல நான் மூக்க நுழைக்க மாட்டேன். ஆனா எங்க சாப்பாடு இருக்கற ரூம்ல அது வேணாம். மாடி வராண்டாவுல தாராளமா வச்சுக்கோங்க. என் தட்டு, கிளாஸ் எதுவும் மாடிக்கு வராது. அங்க உள்ள கிளாஸும் கீழ இறங்கக்கூடாது."

"ஓகே ஆண்ட்டி, நோ ப்ராப்ளம். ஒரு டவுட். ஹலால்னா காரம் கம்மியா இருக்குமா?"

"அது ஆட்ட எப்படி அறுக்கணும்கறது தம்பி. காரம் உங்க மாமனார் கேட்ட அளவுக்கு இருக்கும்."

அவன் மறுமுனையில் சிரித்தான். இவளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் அவளை உண்மையிலேயே யோசிக்க வைத்தது ஒரே ஒரு போன்தான். கணக்கு டீச்சர் ஒருத்தி பேசினாள். பெரிய அதிகாரியின் குடும்பத்துக்கு நெடுநாள் சிநேகிதி; பிறந்ததிலிருந்து கறி மீன் தொடாதவள். குரலில் வகுப்பறை இன்னும் இருந்தது.

"நான் பொதுவா இந்த மாதிரி இடத்துல ஒரு வாழைப்பழத்த உரிச்சுச் சாப்பிட்டுட்டு வந்துருவேன். யாரையும் குத்தம் சொல்லல. கேட்டா எல்லாரும் தனியா செஞ்சதுன்னுதான் சொல்றாங்க. நானும் பாக்கறேன், கடைசியில எல்லாத்துக்கும் ஒரே கரண்டி."

மூடியக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. வெளியூர்க் கல்யாணங்களில் அவளும் அப்படித்தான். "ஹலால்தாங்க, பயப்படாம சாப்பிடுங்க" என்று யாராவது சொன்னாலும், அறுத்தது யார் என்று தெரியாமல் தட்டில் ஓரமாகச் சோற்றை மட்டும் பிசைந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

"டீச்சர், உங்க பருப்புல எங்க கறிக் கரண்டி படாது. அது என் வாக்கு. வாழைப்பழத்த வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

"பாக்கலாம்" என்றாள் டீச்சர். ஃபெயில் ஆன பிள்ளையிடம் சொல்கிற 'பாக்கலாம்'.

அப்புறம் ஆரம்பித்தது ஏற்பாடு. கறிக்கடைக்குப் போய் அவளே பக்கத்தில் நின்றாள். அறுக்கும்போது அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்வது காதில் விழுந்ததா, ரத்தம் முழுதாக வடிந்ததா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யக்கா, நீங்களே அறுக்கறீங்களா? நான் வேணா பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்றார். மண்டபத்து அடுப்படியில் சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் கோழியும் ஆட்டுக்கறியும். அந்தப் பக்கம் காய்கறியும் பருப்பும். அந்தப் பக்கத்துக்குப் புதுச் சட்டி, புதுக் கத்தி, புது எண்ணெய். தையல்காரி பச்சைத் துணியை உறை மாதிரி தைத்து அந்தப் பக்கத்துக் கரண்டிக் காம்புகளுக்கும் கத்திப் பிடிகளுக்கும் மாட்டிவிட்டாள். கறிப் பக்கத்துக்குச் சிவப்பு. நிலக்கடலை என்ற பேச்சே அடுப்படிக்குள் எடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் முட்டைக்காரம்மா, வெங்காயக்காரர், கடலைக்காரர், டீச்சர் என்று அத்தனை பேரும் ஒன்றாக வந்து நின்றது அந்த ஒரு பருப்புச் சட்டி முன்னால்தான். வெங்காயம் பூண்டு இல்லாமல், தக்காளியும் சீரகமும் நெய்யும் மட்டும் போட்டு அதைச் செய்வதென்று முடிவாயிற்று. காய்கறி வேறு வேறு விதமாக இருந்தாலும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கக் கூடியது அது ஒன்றுதான்.

"ஏங்க, பஃபேன்னா நாம பரிமாறக் கூடாது, தெரியுமில்ல?" என்று கணவருக்குப் பாடம் நடத்தினாள். "அவங்களே எடுத்துப் போட்டுப்பாங்க. நீங்க மேசைக்குப் பின்னால சும்மா நிக்கணும். சட்டி குறைஞ்சா உள்ள வந்து சொல்லணும். அவ்வளவுதான்."

"சும்மா எப்படி நிக்கறது? வந்தவங்கள நீங்களே எடுத்துத் தின்னுங்கன்னு விட்டுட்டா நம்மள என்ன நினைப்பாங்க?"

"நாகரிகமானவங்கன்னு நினைப்பாங்க."

"சரிங்க" என்றார். அதிலும் ஒரு வருத்தம் இருந்தது. பாவம், பந்திக்குப் பந்தி குனிந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றே முதுகு வளைந்த மனுஷன்.

விருந்தன்று பகலில் காற்றே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நின்றால் நம்மையும் சேர்த்து வேகவைப்பது போலிருந்தது. மூடியக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தாள். தாண்டும்போதெல்லாம் கையைக் கழுவினாள். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. கறி மெத்தென்று வெந்து எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. கோழி வறுபட்ட வாசனை கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்ப் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்லக்கா, தண்ணி குடிக்க வந்தோம்" என்பார்கள். கண் மட்டும் சட்டியில் இருக்கும். பருப்பில் நெய்யும் சீரகமும் விழுந்தபோது தையல்காரி சொன்னாள்: "யக்கா, கறியெல்லாம் அந்தப் பக்கம் கிடக்கட்டும். எனக்கு இது போதும்."

விருந்து தொடங்கும்போது மழையும் தொடங்கியது. தகரத்தின் மேல் கொட்டின இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்திப் பேச வேண்டியிருந்தது. புழுக்கம் போன இடம் தெரியவில்லை. நனைந்த குடைகளோடு விருந்தாளிகள் வந்தார்கள். கோட் சூட் போட்டவர்கள், தலையில் துணி சுற்றியவர்கள், பேசுகிற பாஷை நமக்குப் புரியாதவர்கள். எல்லாருக்கும் பசி மட்டும் ஒரே பாஷையில் இருந்தது.

அவர்களோடு தேக்சாக்காரரும் வந்தார். பெரிய அதிகாரியின் கல்யாணத்துக்கே அவர்தான் சமைத்தவர், அதனால் அழைப்பு. கஞ்சி போட்ட சட்டை, தூக்கலாக அத்தர். ஆனால் விருந்தாளிகளோடு போய் நிற்காமல் அடுப்படி வாசலில் வந்து, மூடியக்கா பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னம்மா இது, சட்டிக்குச் சட்டி பேரு எழுதி அட்டை வச்சிருக்கே? சாப்பிட வந்தாங்களா, படிக்க வந்தாங்களா?"

"படிச்சுட்டுச் சாப்பிடட்டும் மச்சான்."

"மூடியெல்லாம் அவங்களே தொறக்கறாங்களே. உனக்கு நெஞ்சு வலிக்கல?"

"வலிக்குது. மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்."

அவர் சிரித்தார். ஆனால் கண் மேசை மேலேயே இருந்தது. வரிசை ஒழுங்காக நகர்ந்தது. யாரோ ஒருவர் கோழியை இரண்டாம் தடவை எடுத்தார். வெங்காயக்காரர் பருப்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி மென்றார். தேக்சாக்காரர் அதையும் பார்த்தார். மூடியக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், ஆண்டவனே.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வரிசையில் வந்தாள். மெலிந்த உடம்பு, காலியான தட்டு. ஒவ்வோர் அட்டையாக நின்று படித்தாள். எதிலும் கை போடவில்லை.

மேசைக்குப் பின்னால் நின்ற சரிங்கவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலித் தட்டோடு ஒரு வயசான அம்மா தன் முன்னால் நிற்கிறாள். அவர் பிறந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதற்கு முன்னால்தான் ஒரு குழந்தைக்குக் குழம்பு எடுக்க உதவியிருந்தார். கறிக் கரண்டி கையிலேயே இருந்தது. "என்னங்கம்மா ஒண்ணுமே வைக்கல, பருப்பாவது கொஞ்சம்..." என்று குனிந்தார். கை தானாகப் போய்ப் பருப்புச் சட்டிக்குள் இறங்கி, நிறைய அள்ளித் தட்டில் ஊற்றியது.

கரண்டிக் காம்பில் இருந்தது சிவப்புத் துணி.

இதில் அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த வீட்டுப் பந்தியில் கறியில் இருந்த கரண்டி பருப்புக்குப் போகும், பருப்பில் இருந்தது சோற்றுக்குப் போகும். சட்டி எல்லாமே ஹலால். சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். பிறகு கரண்டிக்கு என்ன கோடு? நிறத்தைக் கண் படித்துக்கொண்டது. கை படித்துக்கொள்ளவில்லை.

மூடியக்கா பார்த்துவிட்டாள். பக்கத்தில் நின்ற தேக்சாக்காரரும் பார்த்துவிட்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. டீச்சர்கூடக் குனிந்து அடுத்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூடியக்கா மேசையைப் பார்த்துத் திரும்பினாள். கால் முன்னால் போகப் பார்த்தது. தேக்சாக்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"விடும்மா. யார் கண்டா?"

"நான் கண்டேனே."

"ஒரு சொட்டுக் குழம்பு. அதுவும் ஹலால் குழம்பு. செத்தா போயிருவாங்க? இப்ப நீ வாயத் தொறந்தா மண்டபம் போச்சு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜரம்மா சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் டீச்சர் கொஞ்சம் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டு விரலால் பருப்போடு பிசைந்துகொண்டிருந்தாள். முதல் கவளம் தட்டிலிருந்து எழுந்தது.

மூடியக்கா ஓடினாள். முட்டி வலி என்று சொன்னவள் ஓடிய ஓட்டத்தைத் தையல்காரி இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள். மேசையைச் சுற்றிப் போய் டீச்சர் கையிலிருந்து தட்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

"ஏம்மா! தட்டப் புடுங்கறீங்க?"

"சாப்பிடாதீங்க டீச்சர். இதுல கறிக் கரண்டி பட்டிருச்சு."

வரிசையில் நின்றவர்கள் தட்டும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். மூடியக்கா பருப்புச் சட்டியைத் துணியால் பிடித்து மேசையிலிருந்து இறக்கினாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். உயர்த்தத்தான் அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே.

"எல்லாரும் மன்னிக்கணும். இப்பத்தான் இந்தப் பருப்புல கறிக் கரண்டி விழுந்துருச்சு. தப்பு எங்களோடது. இதுக்கு முன்னால எடுத்தவங்க பயப்படாமச் சாப்பிடலாம், நான் பாத்துட்டேதான் இருந்தேன். இப்ப எடுத்தவங்க இருந்தா வச்சிருங்க. புதுசா வேற செஞ்சு கொண்டுவரேன். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜரம்மா வந்தாள். "என்ன நடக்குது? யார் செஞ்சது?"

தேக்சாக்காரர் பின்னாலேயே வந்து தம்பியின் காதில் பேசினார். மழைச் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. "டேய், பருப்பு அடிப்பிடிச்சிருச்சு, அதான் எடுத்துட்டோம்னு சொல்லுடா. குடும்ப மானம் போகுது. சொல்லு."

அண்ணன் சொல்லித் தம்பி தட்டியதாக எங்கள் தெருவில் சரித்திரம் கிடையாது. சரிங்க வாயைத் திறந்தார். எல்லாருக்கும் தெரிந்த அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாளாம்.

"முடியாதுண்ணே" என்றார். அப்புறம் மேனேஜரம்மா பக்கம் திரும்பினார். "நான்தாங்க செஞ்சேன். வெறுந்தட்டப் பாத்ததும் கை போயிருச்சு. என் வீட்டுக்காரி மேல எந்தத் தப்பும் இல்ல."

மேனேஜரம்மா அவரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "புதுசா எங்க செய்யப் போறீங்க?"

"உள்ள, அடுப்படியில."

"நடங்க. நானும் வரேன்."

சோதனை போட வருகிறாள் என்று நினைத்து மூடியக்கா வழிவிட்டாள். டீச்சர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள், பச்சைத் துணி மாட்டிய கரண்டிகளைப் பார்த்தாள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். "கோடு நேரா இல்ல" என்றாள். அப்புறம் கொத்தமல்லிக் கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இலை கிள்ள ஆரம்பித்தாள்.

"அய்யோ டீச்சர், நீங்க விருந்தாளி!"

"பசியோட சும்மா உக்காந்திருந்தா எனக்குக் கோவம் வரும். பரவாயில்லையா?"

அவள் பின்னாலேயே முட்டைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கடலைக்காரர். தாளிப்புச் சத்தம் கேட்டு, கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் தட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். மாடி வராண்டாவிலிருந்து மருமகன் இறங்கி வந்தான். கிளாஸை மறக்காமல் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். கடைசியில் பெரிய அதிகாரியே மாலையும் கழுத்துமாக வந்து, "என் விருந்து எங்கேப்பா போச்சு?" என்றார். விருந்து அடுப்படியில் இருந்தது. தகரத்து மழைக்கு மேல் எல்லாரும் கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தேக்சாக்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விருந்தாளி இலை கிள்ளுகிறாள், தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்! கஞ்சிச் சட்டையின் கையை மடக்கிவிட்டு அடுப்புக்குப் போனார். "தள்ளும்மா. தீ பத்தாது. பெரிய அடுப்புக்கு மாத்து. டேய், அந்தச் சட்டிய..."

"மச்சான்." மூடியக்கா திரும்பவில்லை, பருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "இது என் அடுப்பு."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு சிரிப்பு வந்திருக்கும். அவர் அடுப்பிலிருந்து கையை எடுத்தார். "சரி, நான் என்ன செய்யட்டும்? சொல்லு."

"கையக் கழுவிட்டுத் தக்காளி நறுக்குங்க. அந்தக் கத்தி வேணாம்! பச்சை உறை போட்டது."

ஊருக்கே சமைத்த மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து தக்காளி நறுக்கினார். ஒரே அளவில், ஒரு விதை சிந்தாமல். டீச்சர் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கணக்கு நல்லா வந்திருக்கும்" என்றாள். அவர் வெட்கப்பட்டார் என்று தையல்காரி சத்தியம் செய்கிறாள். சரிங்க மட்டும் மூலையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார். யாரோ தண்ணீர் கேட்டதற்குக்கூட மனைவியைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார்.

பருப்பு கொதித்து நெய் வாசனை எழுந்ததும் அங்கேயே, அடுப்பு பக்கத்திலேயே, பச்சைக் கரண்டியால் டீச்சர் தானாகவே எடுத்து ஊற்றிக்கொண்டாள். முதல் கவளம் உள்ளே போனது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? மார்க் போடணுமா?" என்றாள். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினாள். அதுதான் மார்க்.

பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது மழை விட்டிருந்தது. மேனேஜரம்மா வந்து மூடியக்கா முன்னால் நின்றாள்.

"சட்டிய நீங்க கீழ இறக்கினப்போ, இவங்க நமக்குச் சரிப்பட மாட்டாங்கன்னு நினைச்சேன். மறைச்சுப் பேசற ஆளுங்களோட எனக்குப் பழக்கம் ஜாஸ்தி. மறைக்காதவங்களோட எப்படி வேலை செய்யறதுன்னுதான் தெரியல. பழகிக்கறேன்." சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "அடுப்படி சாவி. ஒரே ஒரு கண்டிஷன். உங்க வீட்டுக்காரர் கையில கரண்டி இருக்கக் கூடாது."

"சரிங்க" என்று மூடியக்காவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்ன என்று உறைத்து, கணவரைப் பார்த்தாள். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வண்டியில் முன்சீட்டில் இருவரும், பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் தையல்காரியும் தேக்சாக்காரரும். தன் வண்டியை அனுப்பிவிட்டு அவர் ஏன் இதில் ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளத்தில் விழும்போதெல்லாம் மூடிகள் கலகலத்தன. தேக்சாக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். தேவைப்படாததால் இதுவரை சொல்லவில்லை.

"ஏம்மா, நம்ம புள்ள கல்யாணத்துக்கு..."

"சொல்லுங்க மச்சான். எத்தனை பேருக்கு? காலையிலயே வந்துர்றேன், வெங்காயத்துலேருந்து நானே..."

"அது இல்ல." மறுபடி செருமினார். "சமையல நீ எடுத்துக்கோ. முழுசா. உன் பேர்ல. நான் இத்தனை விசேஷம் பாத்துட்டேன், ஒண்ணுலயும் உக்காந்து சாப்பிட்டதில்ல. என் புள்ள கல்யாணத்துலயாவது பொண்ணுக்கு அப்பனா உக்காந்து சாப்பிடணும்."

மூடியக்கா திரும்பிப் பார்த்தாள். சட்டையில் தக்காளிச் சாறு, மடியில் ஒரு சட்டி. உடனே ஏதாவது சொல்லியிருந்தால் குரல் உடைந்திருக்கும். அதை அவருக்குக் கொடுக்க அவள் தயாரில்லை. வண்டி அடுத்த பள்ளத்தைத் தாண்டட்டும் என்று காத்திருந்தாள்.

"உக்காந்தெல்லாம் சாப்பிட முடியாது மச்சான். பஃபே வைக்கப் போறேன். தட்டத் தூக்கிட்டு வரிசையில நில்லுங்க."

"நிக்கறேன்" என்றார் தேக்சாக்காரர். "நிக்கறதுல எனக்குப் பழக்கம் உண்டு."

தையல்காரி சிரித்த சிரிப்பில் ஒரு மூடி உருண்டு ரோட்டில் விழுந்து, ஓடை வரைக்கும் ஓடிற்று. யாரும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.